உள்ளே 9, வெளியே 18342: கன்டெய்னர்களுக்கு இடையே பிஐடியைப் பொருத்திப் பார்ப்பது எப்படி

சர்வரில் டாப் கட்டளையைப் போட்டால் 18342 என்ற ஜாவா ப்ராசஸ் சிபியுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதே ப்ராசஸ் எழுதும் லாகைப் பார்த்தால் தன் பிஐடி (ப்ராசஸின் அடையாள எண்) 9 என்கிறது. அது ஓடும் கன்டெய்னருக்குள் (நிரலைப் பிறவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் அடைப்பு) போய் பிஎஸ் (ப்ராசஸ் பட்டியல் கட்டளை) போட்டாலும் 9தான். 18342 என்ற ஒன்று உள்ளே இல்லவே இல்லை. கன்டெய்னர்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. "ஜாவா என்று ஒன்றுதானே ஓடுகிறது, அதுவாகத்தான் இருக்கும்" என்று பெயரை வைத்து ஊகித்து, கில் போட்டுவிடுவார்கள். ஒரே இமேஜில் ஐந்தாறு கன்டெய்னர்கள் ஓடும் சர்வரில் அந்த ஊகம் சம்பந்தமில்லாத ஒருவரின் வேலையை நிறுத்திவிடும். உண்மையில் ஊகிக்கத் தேவையே இல்லை. எந்த எண்ணுக்கு எந்த எண் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் துல்லியமாகத் தெரியும். அதனிடம் கேட்கத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். இரண்டாவது, இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸுக்கு. மேக்கிலோ விண்டோஸிலோ டாக்கர் டெஸ்க்டாப் (டாக்கர் என்பது கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) வைத்திருந்தால், கன்டெய்னர்கள் மறைவாக ஓடும் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கின்றன. டாக்கர் காட்டும் பிஐடி அந்த மெஷினின் பிஐடி. அதை மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரில் தேடினால் கிடைக்காது. பழகிப் பார்க்க ஒரு லினக்ஸ் கணினியோ சின்ன கிளவுட் சர்வரோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ப்ராசஸ், பல எண்கள்

பிஐடி நேம்ஸ்பேஸ், அதாவது கன்டெய்னர் போன்றவற்றுக்குத் தனி எண் வரிசை தரும் வசதி, லினக்ஸுக்குள் வந்தது 2.6.24 பதிப்பில், 2008 ஜனவரியில். அதற்கு முன்பு ஒரு கணினி முழுவதற்கும் ஒரே எண் வரிசைதான். நேம்ஸ்பேஸ் வந்த பிறகு, ஒவ்வொன்றுக்குள்ளும் எண் வரிசை 1இலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் உள்ளே பிறக்கும் ப்ராசஸ் வெளியிலிருந்து ஒளிந்துகொள்வதில்லை. தன் நேம்ஸ்பேஸில் ஓர் எண், அதற்கு மேலே உள்ளதில் ஓர் எண், அதற்கும் மேலே உள்ளதில் இன்னொன்று என்று, மூல நேம்ஸ்பேஸ் வரை ஒவ்வொரு மட்டத்திலும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. வாசல் சுவரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்த வீடு போல: வீடு ஒன்றுதான், எந்தப் பட்டியலை வைத்துத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

கெர்னலின் உள்ளமைப்பும் இப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள பிஐடி அமைப்பில் ஓர் அரே இருக்கிறது. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு ஜோடி: ஓர் எண், அந்த எண் எந்த நேம்ஸ்பேஸுக்கு உரியது என்ற சுட்டி. நேம்ஸ்பேஸ்களை 32 மட்டம் வரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம்.

பார்வை ஒரு பக்கமாகத்தான் போகும். மேலே இருப்பவருக்குக் கீழே உள்ளவர்கள் தெரிவார்கள். கீழே இருப்பவருக்கு மேலே உள்ளவர்கள் தெரியமாட்டார்கள். பக்கத்துக் கன்டெய்னரும் தெரியாது. அதனால் கன்டெய்னருக்குள் உட்கார்ந்துகொண்டு "வெளியே என் எண் என்ன?" என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது குறையல்ல, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பொருத்திப் பார்க்கும் வேலையை எப்போதும் மேலே இருந்துதான் செய்ய வேண்டும், அதாவது கன்டெய்னர்களை ஓட்டும் கணினியான ஹோஸ்டிலிருந்து.

முதலில் கையால் ஒன்றை உருவாக்கிப் பாருங்கள்

டாக்கரே வேண்டாம். ரூட் உரிமையோடு அன்ஷேர் கட்டளையை எடுத்து, பிஐடி, ஃபோர்க், மவுன்ட்-ப்ராக் என்ற மூன்று தெரிவுகளையும் (ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரட்டைக் கோடு) சேர்த்து, கடைசியில் பாஷ் என்று கொடுங்கள். புதிய ஷெல் திறக்கும். அதில் எக்கோவுக்கு இரண்டு டாலர் குறிகள் கொடுத்தால் 1 என்று வரும். உங்கள் ஷெல்தான் இப்போது அந்த நேம்ஸ்பேஸின் முதல் ப்ராசஸ்.

அந்த மூன்றில் ஃபோர்க்கை விட்டுவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். ஷெல் திறக்கும், ஒரு கட்டளை ஓடும், அப்புறம் எதைத் தட்டினாலும் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று பிழை வரும். ரேம் நிறைய காலியாக இருக்கும்போதே வரும். காரணம் இதுதான்: அன்ஷேர் என்ற அழைப்பு தன்னை அழைத்தவரைப் புதிய பிஐடி நேம்ஸ்பேஸுக்குள் கொண்டுபோவதில்லை, அவருக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளைத்தான் உள்ளே வைக்கிறது. அப்படி முதலில் பிறந்த பிள்ளை 1 என்ற எண்ணைப் பெறுகிறது. அது முடிந்து போனதும் அந்த நேம்ஸ்பேஸே முடிந்ததாகக் கெர்னல் கணக்கில் வைக்கிறது. அதன் பிறகு அங்கே புதிய ப்ராசஸ் பிறக்க முடியாது.

மவுன்ட்-ப்ராக்கை விட்டுவிட்டால் வேறு குழப்பம். எக்கோ 1 என்று சொல்லும், ஆனால் பிஎஸ் ஹோஸ்டின் முழுப் பட்டியலையும் காட்டும். பிஎஸ் எண்களைப் படிப்பது /ப்ராக் அடைவிலிருந்து (கெர்னல் ப்ராசஸ் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்). அந்த அடைவு எந்த நேம்ஸ்பேஸுக்காக மவுன்ட் செய்யப்பட்டதோ அதன் எண்களைத்தான் காட்டும். யார் படிக்கிறார்கள் என்பதை அது பார்ப்பதில்லை.

சரி, அந்தப் புதிய ஷெல்லில் ஸ்லீப் 1000 என்று பின்னணியில் ஓட விடுங்கள். இன்னொரு முனையத்தில், ஹோஸ்டிலிருந்து, பிக்ரெப் ஸ்லீப் என்று தேடினால் ஒரு பெரிய எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கான /ப்ராக் அடைவில் ஸ்டேட்டஸ் என்ற கோப்பைத் திறந்து, என்எஸ்பிஐடி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இப்படி இருக்கும்:

என்எஸ்பிஐடி: 24117 12

இடது ஓரத்தில் ஹோஸ்ட் எண், வலது ஓரத்தில் அந்த ப்ராசஸ் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் எண். கன்டெய்னருக்குள் கன்டெய்னர் ஓட்டினால் நடுவிலும் ஓர் எண் வரும். இதே கோப்பை உள்ளே இருந்து படித்தால் 12 மட்டும்தான் தெரியும், இடப்பக்கம் மறைந்துபோகும். இந்த வரி 2015இல் வந்த லினக்ஸ் 4.1இலிருந்து இருக்கிறது. ஆகவே இன்று நீங்கள் தொடும் எந்த சர்வரிலும் இருக்கும். இனி வரும் எல்லா வழிகளுக்கும் அடிப்படை இந்த ஒரு வரிதான்.

ஹோஸ்ட் எண் கையில் இருந்தால்

இது சுலபமான திசை. முதல் பத்தியில் பார்த்த 18342ஐ எடுத்துக்கொள்வோம்.

அதன் ஸ்டேட்டஸ் கோப்பில் என்எஸ்பிஐடி வரியைப் படித்தால் உள் எண் 9 என்று தெரிந்துவிடும். எந்தக் கன்டெய்னர் என்று தெரிய, அதே அடைவில் சிகுரூப் என்ற கோப்பைப் பாருங்கள். டாக்கராக இருந்தால் பெரும்பாலும் அதில் எழுதியுள்ள பாதையில் கன்டெய்னரின் 64 எழுத்து அடையாளம் அப்படியே இருக்கும். அதன் முதல் பன்னிரண்டு எழுத்துகளை டாக்கர் பிஎஸ் பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும். அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான, நடைமுறையில் அடிக்கடி தேவைப்படும் வேலை த்ரெட்களை (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) பொருத்துவது. ஜாவா சேவை ஒன்று சிபியுவைத் தின்னும்போது ப்ராசஸ் எது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த த்ரெட் என்று தெரிய வேண்டும். ஹோஸ்டில் டாப் கட்டளைக்குப் பெரிய எழுத்து எச் தெரிவைக் கொடுத்தால் த்ரெட்கள் தனித்தனியாக வரும். 18361 என்ற த்ரெட் 98 சதவீதம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கன்டெய்னருக்குள் ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவியை ஓட்டித் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அப்போது என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் என்ஐடி என்று ஒரு மதிப்பு இருக்கும். 18361ஐ பதினாறடிமானத்துக்கு மாற்றித் தேடுவீர்கள். கிடைக்காது. ஏனென்றால் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குத் தெரிந்தது உள் எண் மட்டுமே.

செய்ய வேண்டியது: /ப்ராக்/18342/டாஸ்க்/18361 என்ற அடைவுக்குள் போய் அங்கே உள்ள ஸ்டேட்டஸ் கோப்பைப் படிக்க வேண்டும். த்ரெட்டுகளுக்கும் தனித்தனியாக ஒரு ஸ்டேட்டஸ் கோப்பு உண்டு. அதில்

என்எஸ்பிஐடி: 18361 28

என்று இருந்தால், தேட வேண்டிய எண் 28. பதினாறடிமானத்தில் அது 1சி. ஜாவா 8, 11, 17 டம்ப்களில் என்ஐடி பதினாறடிமானத்தில் வரும், அதாவது 0எக்ஸ்1சி என்று தேட வேண்டும். ஜாவா 21இல் பதின்ம எண்ணாகவே 28 என்று இருக்கும். அந்த வரியைப் பிடித்துவிட்டால் எந்த மெத்தட் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அதற்குக் கீழேயே எழுதியிருக்கும். இந்த ஒரு படியை அறியாமல் "டம்ப்பில் அந்த த்ரெட்டே இல்லை, ஜேவிஎம் பக் போலிருக்கிறது" என்ற முடிவுக்குப் போகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விடை ஒரே ஒரு கோப்பின் தூரத்தில் இருக்கிறது.

இதே கோப்பில் என்எஸ்டிஜிஐடி என்ற வரியும் இருக்கும். அது அந்த த்ரெட் சேர்ந்த ப்ராசஸின் எண். இந்த உதாரணத்தில் 18342, 9 என்று வரும். த்ரெட் எண்ணையும் ப்ராசஸ் எண்ணையும் கலக்காமல் இருக்க இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

உள் எண் மட்டும் கையில் இருந்தால்

எதிர்த் திசை கொஞ்சம் வேலை வாங்கும். கன்டெய்னரின் லாகில் "9ஆம் ப்ராசஸ் தொங்குகிறது" என்று இருக்கிறது. ஹோஸ்டிலிருந்து அதை ஸ்ட்ரேஸ் செய்ய (அதன் கெர்னல் அழைப்புகளைக் கண்காணிக்க) வேண்டும்.

9 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. ஒவ்வொரு கன்டெய்னரிலும் ஒரு 9 இருக்கலாம், ஹோஸ்டிலும் ஒரு 9 இருக்கலாம். ஆகவே நேம்ஸ்பேஸின் அடையாளம் வேண்டும். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையில் ஸ்டேட் பகுதியின் கீழே பிஐடி என்ற புலம் இருக்கும். அது கன்டெய்னரின் முதல் ப்ராசஸுக்கு உரிய ஹோஸ்ட் எண். அது 18310 என்று வைத்துக்கொள்வோம். இப்போது /ப்ராக்/18310/என்எஸ்/பிஐடி என்ற இணைப்பை ரீட்லிங்க் மூலம் படியுங்கள். பிஐடி என்ற சொல்லோடு சதுர அடைப்புக்குள் ஒரு பத்து இலக்க எண் வரும். அதுதான் நேம்ஸ்பேஸின் அடையாளம். ஹோஸ்டின் மூல நேம்ஸ்பேஸுக்கு இது எப்போதும் 4026531836. அதையே கண்டால் கன்டெய்னருக்குத் தனி நேம்ஸ்பேஸே இல்லை, ஹோஸ்டினுடையதைப் பகிர்ந்துகொள்கிறது என்று பொருள். அப்போது மாற்றவே வேண்டாம், எண் ஒன்றுதான்.

அடுத்து, ஆக் கட்டளைக்கு /ப்ராக் கீழே எண்ணில் தொடங்கும் எல்லா அடைவுகளின் ஸ்டேட்டஸ் கோப்புகளையும் கொடுத்து, என்எஸ்பிஐடி வரியின் கடைசிப் புலம் 9 ஆக இருந்தால் இரண்டாம் புலத்தை அச்சிடச் சொல்லுங்கள். நாலைந்து எண்கள் வரலாம். ஒவ்வொன்றின் என்எஸ்/பிஐடி இணைப்பையும் படித்து, 18310உடைய அடையாளத்தோடு பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: 18342. பிறருடைய ப்ராசஸ்களின் இந்த இணைப்பைப் படிக்க ரூட் உரிமை வேண்டும். இல்லாவிட்டால் "அனுமதி இல்லை" என்று வரும்.

தேடுகிற ப்ராசஸ் அந்தக் கன்டெய்னருக்குள் இன்னோர் உள் நேம்ஸ்பேஸில் இருந்தால் கடைசிப் புலத்தைப் பார்ப்பது தவறாகும். நடுப் புலத்தைப் பார்க்க வேண்டும். டாக்கருக்குள் டாக்கர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை.

உதவிக்குக் கருவிகளும் உண்டு. எல்எஸ்என்எஸ் கட்டளையில் டி தெரிவுக்கு பிஐடி என்று கொடுத்தால் கணினியில் உள்ள எல்லா பிஐடி நேம்ஸ்பேஸ்களும் ஒரு பட்டியலாக வரும். பிக்ரெப்பில் என்எஸ் என்ற தெரிவுக்கு 18310ஐயும், என்எஸ்லிஸ்ட் என்பதற்கு பிஐடியையும் கொடுத்தால் அந்த நேம்ஸ்பேஸில் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். டாக்கருக்குப் பதிலாக பாட்மேன் பயன்படுத்துகிறீர்களா? உங்களுக்கு வேலை இன்னும் எளிது. பாட்மேன் டாப் கட்டளைக்கு பிஐடி, எச்பிஐடி என்று இரண்டு பத்திகளைக் கேளுங்கள். உள் எண்ணும் ஹோஸ்ட் எண்ணும் அருகருகே வரும். டாக்கர் டாப் ஹோஸ்ட் எண்ணை மட்டும் தரும். டாக்கர் எக்ஸெக் வழியாக பிஎஸ் ஓட்டினால் உள் எண் மட்டும் வரும். இந்த இரண்டின் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துக் குழம்பாதீர்கள்.

பிஐடி கோப்பைப் பகிர்ந்துகொண்டால்

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஒரு பாடுக்குள் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) இருக்கும் கன்டெய்னர்கள் நெட்வொர்க்கைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் வழக்கமாக பிஐடி நேம்ஸ்பேஸைப் பகிர்ந்துகொள்ளாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஒரு கன்டெய்னரில் ஓடுகிறது. தன் எண்ணைச் சொல்லும் பிஐடி கோப்பைப் பொது வால்யூமில் (பகிர்ந்த சேமிப்பிடத்தில்) எழுதுகிறது. அதில் 1 என்று இருக்கிறது. பக்கத்தில் ஓடும் துணைக் கன்டெய்னர் அந்தக் கோப்பைப் படித்து, கான்ஃபிகை மறுபடி ஏற்றச் சொல்லி 1க்கு ஹப் சிக்னல் அனுப்புகிறது. போவது என்ஜின்எக்ஸுக்கு அல்ல. துணைக் கன்டெய்னரின் சொந்த முதல் ப்ராசஸுக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. கான்ஃபிக் மட்டும் மாறாமல் இருக்கும்.

இதற்கு மாற்று எண்ணைத் தேட வேண்டாம், இரண்டும் ஒரே நேம்ஸ்பேஸில் இருக்கட்டும். பாடின் வரையறையில் ஷேர்ப்ராசஸ்நேம்ஸ்பேஸ் என்ற புலத்தை ட்ரூ ஆக்குங்கள். அப்போது 1 என்ற எண் பாடுக்கு அடித்தளமாக ஓடும் 'பாஸ்' கன்டெய்னருக்குப் போய்விடும், என்ஜின்எக்ஸுக்கு வேறு எண் வரும், அது இரு கன்டெய்னர்களிலும் ஒரே எண்ணாக இருக்கும். தன் எண் 1 என்று நிரலில் நேரடியாக எழுதி வைத்தவர்கள் மட்டும் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

நிரலுக்குள் இருந்து கேட்பது

கண்காணிப்பு மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் /ப்ராக் முழுவதையும் துழாவ முடியாது. அவர்களுக்கு லினக்ஸ் 6.11, அதாவது 2024 செப்டம்பர் பதிப்பு, நேரடி வழி ஒன்றைத் தந்திருக்கிறது. இலக்குக் கன்டெய்னரின் என்எஸ்/பிஐடி கோப்பைத் திறந்து, அந்த டிஸ்கிரிப்டரில் (திறந்த கோப்புக்குக் கெர்னல் தரும் கைப்பிடி எண்) ஓர் ஐஓசிடிஎல் அழைப்பு (கெர்னலிடம் சிறப்புக் கோரிக்கை) விடலாம். நான்கு அழைப்புகள் உண்டு. "ஃப்ரம்" என்று பெயரில் வருவது அந்த நேம்ஸ்பேஸின் எண்ணை வாங்கி உங்கள் எண்ணாகத் தரும். "இன்" என்று வருவது உங்கள் எண்ணை வாங்கி அங்கே உள்ள எண்ணாகத் தரும். ஒவ்வொன்றிலும் த்ரெட்டுக்கு ஒன்று, ப்ராசஸுக்கு ஒன்று. பொருந்தும் ப்ராசஸ் இல்லாவிட்டால் ஈஎஸ்ஆர்சிஎச் பிழை வரும். பழைய கெர்னலாக இருந்தால் ஈநாட்டிடிஒய் வரும்; அதைப் பார்த்து மாற்று வழிக்குத் திரும்பும்படி நிரலை எழுதுங்கள். டெபியன் 13இல் 6.12 கெர்னல் இருப்பதால் அங்கே ஓடும். டெபியன் 12இன் 6.1இலும், உபுண்டு 24.04 வெளியானபோது வந்த 6.8இலும் ஓடாது.

இது வருவதற்கு முன்பு எல்எக்ஸ்சிஎஃப்எஸ் போன்ற மென்பொருள்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒருவர் தன் பிஐடியை அடையாளச் சான்றாக அனுப்பினால், பெறுபவரின் நேம்ஸ்பேஸுக்கு ஏற்ப அந்த எண்ணைக் கெர்னலே மாற்றிக் கொடுக்கும். இதைப் பயன்படுத்தி, ஒரு பிள்ளை ப்ராசஸைப் பெற்று, அதை இலக்கு நேம்ஸ்பேஸோடு இணைத்து, அங்கே இன்னொன்றைப் பெற்று, அது கேட்ட எண்ணைச் சான்றாக சாக்கெட்டில் போட, மேலே இருப்பவர் மாறி வந்த எண்ணைப் படித்துக்கொள்வார். ஓர் எண்ணுக்காக இரண்டு ப்ராசஸ்கள் பிறந்து சாக வேண்டும். பழைய கெர்னல்களில் இன்றும் இது செல்லும். ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் பழைய கெர்னலுக்கு என்எஸ்பிஐடி வரியைப் படிப்பதே நல்லது என்பது என் எண்ணம். படிக்கவும் பிழை திருத்தவும் எளிது.

பூஜ்யமும் இறந்தவர்களும்

ஒருவருடைய பார்வைக்கு எட்டாத ப்ராசஸின் எண்ணைக் கெர்னல் 0 என்று சொல்லும். டாக்கர் எக்ஸெக் மூலம் உள்ளே போய் பிஎஸ் பார்த்தால் உங்கள் ஷெல்லின் தாய் எண் 0 என்று இருப்பது இதனால்தான். தாய் வெளியே இருக்கிறது. சாக்கெட் சான்றிலும் அனுப்பியவர் வெளியாள் என்றால் 0 வரும். அந்தப் பூஜ்யத்தைச் சோதிக்காமல் கில் அழைப்பில் போட்டால், அது "என் ப்ராசஸ் குழுவில் உள்ள எல்லோருக்கும் சிக்னல்" என்று ஆகிவிடும். உங்கள் நிரலே முதலில் சாகும். எண்ணை வாங்கியதும் அது பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று பார்க்கும் ஒரு வரியை விடாமல் எழுதுங்கள்.

ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரைதான் எண்களைப் பொருத்த முடியும். ஊம் கில்லர் (நினைவகம் தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் வசதி) கொன்றதும் டிமெஸெகில் (கெர்னல் லாகில்) ஹோஸ்ட் எண் மட்டும் இருக்கும், /ப்ராக் அடைவு போயிருக்கும். அப்போது அந்த லாகிலேயே டாஸ்க் மெம்சிஜி என்ற பகுதியைப் பாருங்கள். சிகுரூப் பாதையும் அதற்குள் கன்டெய்னர் அடையாளமும் கிடைக்கும். உள் எண் கிடைக்காது, ஆனால் எந்தக் கன்டெய்னர் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, எண்கள் மறுபடி பயன்படுத்தப்படும். நீங்கள் 18342 என்று கண்டுபிடித்து, தேநீர் குடித்துவிட்டு வந்து கில் போடும்போது அந்த எண் வேறொருவருடையதாக இருக்கலாம். கையால் செய்யும்போது, அந்த எண்ணுக்கான /ப்ராக் அடைவில் ஸ்டாட் கோப்பின் 22ஆம் புலத்தில் உள்ள தொடக்க நேரத்தைக் குறித்துவைத்து, கில் போடுவதற்குச் சற்று முன் மறுபடி ஒப்பிடுங்கள். நிரலில் செய்தால் 5.3 கெர்னலிலிருந்து பிஐடிஎஃப்டி ஓப்பன் அழைப்பு இருக்கிறது. முதலில் அதைத் திறந்துவிட்டு, பிறகு என்எஸ்பிஐடி வரியையும் நேம்ஸ்பேஸ் அடையாளத்தையும் சரிபாருங்கள்; சரியாக இருந்தால் அந்த டிஸ்கிரிப்டர் வழியாகவே சிக்னல் அனுப்புங்கள். இடையில் அந்த ப்ராசஸ் முடிந்து அதன் எண் இன்னொருவருக்குப் போயிருந்தாலும், சிக்னல் அந்தப் புதியவரைத் தொடாது. ஈஎஸ்ஆர்சிஎச் பிழை மட்டும் திரும்பி வரும்.